எழுத்துக்கூட்டி வாசித்தவள்

வீரபாகுவுக்குக் கண் போனது கண்டாவளையில், சொந்தக் காணியைத் துப்புரவாக்கும்போதுதான். சண்டை ஓய்ந்து சனம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். பற்றைகளை வெட்டிக் குவித்து நெருப்பு வைத்தார்கள். குவியலுக்குள் என்ன கிடந்ததென்று யாருக்குத் தெரியும்? அது வெடித்தபோது அவன் ஒரு தடியால் சருகைத் தள்ளிக்கொண்டு நின்றான். உயிர் தப்பியது. முகத்தில் பெரிய காயம்கூட இல்லை. பார்வை மட்டும் இரண்டு கண்ணிலும் போய்விட்டது.

அதற்கு முன் அவன் கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் ஆங்கில அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தவன். தயாபரியைக் கலியாணம் கட்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காணிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்து, இரண்டு பேரும் கரடிப்போக்குப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். குசினியிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து கக்கூசுக்கும் தயாபரி தும்புக் கயிறு கட்டிவிட்டிருந்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு தன் அலுவலைத் தானே பார்த்தான். தையல் மெசினில் அவள் உழைத்ததில் வீடு ஓடியது. அவன் கதிரையில் இருந்து றேடியோ கேட்டான். ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் ஒரே செய்தியைக் கேட்பது?

நிறுவனம் பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கழித்துவிட்டபோது அதை அவனுக்குக் கொடுத்தார்கள். அங்கே முன்பு வேலை செய்து தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இங்கே வந்த ஒருவரிடம் ஒரு சீடியும் கொடுத்தனுப்பியிருந்தாள். அதிலுள்ள புரோகிராமைப் போட்டால் திரையில் இருக்கிற ஆங்கிலத்தை எல்லாம் கொம்பியூட்டர் வாய்விட்டு வாசிக்குமாம். அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் சொல்லுமாம். நிறுவனத்துப் பொறுப்பாளரும், "தனிய இருந்து அடிக்க ஏலுமெண்டா வாரும் வீரபாகு, உம்மட கதிரை இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

சந்தியில் ஒருவர் ஜெனரேற்றர் வைத்து வீடுகளுக்குக் கரண்ட் விட்டுக்கொண்டிருந்தார். பொழுதுபட்டால் வரும், சாப்பாட்டு நேரத்தோடு போய்விடும். கரண்ட் வந்தவுடன் தயாபரி சீடியைப் போட்டாள். வீரபாகு பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். புதுச் சேட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தான். ஏனென்று அவள் கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, ஒரு பெட்டி வந்திருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

தயாபரிக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். சொற்கள் தெரியாது. பத்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவள். இங்கிலிஸ் ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடங்களிலேயே படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"ரி, எச், ஐ, எஸ். பிறகு இடைவெளி. எஸ், ஈ, ரி, யூ, பீ..."

"திஸ் செற்றப். ம். சொல்லும்."

"ஆர், ஈ, கியூ..." நீளமான சொல்லாக இருந்தது. அவள் மூச்சு வாங்கினாள். "பிறகு ஒரு புள்ளி. புள்ளிக்குப் பிறகு பெரிய என், பெரிய ஈ, பெரிய ரி."

அவன் முகம் மாறியதை அவள் கண்டாள்.

"டொட் நெற்" என்றான். "டொட் நெற் பிரேம்வேர்க். அது இல்லாமல் இது ஓடாதாம்."

"அப்ப சீடி பழுதோ?"

"சீடி நல்லது. இப்ப நீர் ஒருத்தனைத் தோட்டம் கொத்தக் கூப்பிடுறீர். அவன் வந்து நிண்டு மண்வெட்டி எங்கே எண்டு கேட்கிறான். எல்லா வீட்டிலயும் மண்வெட்டி இருக்கும் எண்டு நினைச்சு வெறுங்கையோட வந்திருக்கிறான். எங்கட வீட்டில இல்லை. அவ்வளவுதான்."

"அதை எங்க எடுக்கிறது?"

"இன்ரநெற்றில சும்மா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். ஊரெல்லாம் சும்மா கிடைப்பது கிளிநொச்சியில் கிடைக்காது. நிறுவனத்தில் இருந்த இணைப்பில் ஒரு நாள் முழுக்க இழுத்துப் பார்த்தார்கள். பாதியில் அறுந்து போனது. மறுபடியும் இழுத்தார்கள், மறுபடியும் அறுந்தது. வவுனியாவில்தான் ஏலும் என்றார்கள்.

தயாபரி பஸ் ஏறினாள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடியும் திறந்து காட்டி, அடுத்த பஸ் பிடித்து வவுனியாவுக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. கடைத்தெருவில் விசாரித்ததில் றுமைஸ் என்கிறவனுடைய கொம்பியூட்டர் கடையைக் காட்டினார்கள். முப்பது வயதிருக்கும். அவனுடைய வாப்பா முல்லைத்தீவில் தண்ணீரூற்றுக்காரர். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றி, குடும்பம் வெளிக்கிட்டபோது றுமைஸ் பள்ளிக்கூடப் பொடியன். புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, வவுனியாவில் கடை போட்டிருந்தான்.

"வன்னிக்குள்ளயிருந்தா வாறீங்க அக்கா? இருங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டான். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், "விண்டோஸ் எது?" என்றான்.

"தொண்ணூற்றெட்டு எண்டு சொல்லச் சொன்னவர்."

"பழசு. எண்டாலும் இது ஓடும்." அவன் இறக்கத் தொடங்கினான். கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி ஜொஹறா பிளேன்ரீயும் தேங்காய் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்தாள். சீடி எழுதி முடிந்ததும் றுமைஸ் காசு வாங்க மறுத்துவிட்டான். "கண் தெரியாத மனிசனுக்கெண்டு சொல்லிப்போட்டு என்னட்டக் காசு தாறீங்களே" என்றான், கோபித்தவன்போல.

அன்றிரவு வந்து சேர்ந்து, அடுத்த நாள் கரண்டுக்குக் காத்திருந்து போட்டார்கள். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இப்போது தயாபரிக்கு நெக்ஸ்ட் தெரியும், ஓகே தெரியும். அவள் வேகமாக அமத்திக்கொண்டு போனாள். ஒரு பெட்டி வந்தது, அதையும் அமத்தினாள். எல்லாம் மறைந்து வெறும் திரை நின்றது.

"என்ன நடந்தது?"

"தெரியேல்ல. எல்லாம் போட்டுது."

"கடைசிப் பெட்டியில என்ன இருந்தது?"

"ஓகே எண்டு இருந்துது. அமத்தினன்."

"வாசிக்காமலோ?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"கண்ணிருக்கிற உமக்கு என்ன அவசரம்? எனக்கு இருந்தா நான் உம்மைக் கேட்டுக்கொண்டு இருப்பனோ?" அவன் மேசையில் கையால் அறைந்தான். மவுஸ் விழுந்து தொங்கியது. "ஒரு வரி. ஒரு வரியை ஒழுங்கா வாசிக்கத் தெரியாதோ?"

அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றரும் நின்றது. தயாபரி எழுந்து போய்க் கிணற்றுக் கட்டின்மேல் குந்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் வீரம்மா அக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் வந்து வன்னியில் தங்கியவள். புருசன் மாயாண்டி செத்துப் போன பிறகு தனியாள்.

"என்ன தங்கச்சி, இருட்டுல குந்திக்கிட்டிருக்கீங்க?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்ணுமில்லாமயா?" என்றாள் வீரம்மா. மறுபடி அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

சிறிது நேரத்தில் கயிறு அசைந்தது. வீரபாகு அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். கிணற்றடியில் கயிறு முடிகிற இடத்தில் நின்றான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை நீட்டிக் காற்றைத் துழாவினான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. எழும்பிப் போய்க் கையைப் பிடித்தாள்.

"சாப்பிட்டீரோ?" என்றான்.

"இல்லை."

"எனக்கும் பசிக்குது."

மன்னிப்பென்று அவன் வேறொன்றும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த நாள் அந்தப் பெட்டியை மறுபடி வரவைத்து முதலிலிருந்து முடிவுவரைக்கும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மண்வெட்டிக்குப் பிடி இல்லை என்பதுதான் விசயம். டொட் நெற்றைப் போடுவதற்குக் கொம்பியூட்டரில் இருக்கிற இன்ஸ்ரோலர் பழையது. முதலில் அதைப் புதிதாக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் என்ன கேட்குமோ என்று வீரபாகுவுக்கே தெரியவில்லை.

"இந்த முறை மூலச் சீடியையும் கொண்டுபோம்" என்றான். "றுமைஸிட்டப் பழைய விண்டோஸ் உள்ள மெசின் இருந்தா, அதில முழுக்கப் போட்டுப் பார்க்கட்டும். என்னென்ன கேட்குதோ எல்லாத்தையும் ஒரே சீடியில எழுதித் தரட்டும். திரும்பத் திரும்ப உம்மை அலைய விடக்கூடாது."

தையல் வேலைகள் குவிந்திருந்தன. பிறகு அவளுக்குக் காய்ச்சல். பிறகு அங்குமிங்கும் வெடிச் செய்திகள் வரத் தொடங்கின. போவதா விடுவதா என்று சில மாதங்கள் இழுபட்டது. இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்டில்தான் வெளிக்கிட்டாள். வீரம்மா அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். "ரெண்டு நாள்தானே, நான் பாத்துக்கிறேன்" என்றாள் வீரம்மா.

றுமைஸ் மூலையில் கிடந்த ஒரு பழைய மெசினைத் தூசி தட்டி எடுத்தான். இன்ஸ்ரோலரைப் போட்டான். அடுத்ததைக் கேட்டது, அதையும் தேடிப் போட்டான். டொட் நெற் ஏறியது. கடைசியாக அந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் சீடியைப் போட்டான். தயாபரி அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெட்டியையும் தனக்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மெசின் பேசியது.

ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு ஆண் குரல். திரையில் இருந்த பெயர்களை ஒன்றொன்றாகச் சொன்னது. றுமைஸ் விசையொன்றை அமத்தினான், குரல் அதைச் சொன்னது. அவன் கையைத் தட்டினான்.

"தம்பி, எங்கட அவரின்ர பேரை அடியுங்கோ."

றுமைஸ் ஆங்கிலத்தில் வீரபாகு என்று அடித்தான். குரல் அதை என்னவோபோலச் சொன்னது, வியராபாஹூ என்று, ஒரு வெள்ளைக்காரன் வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி. ஜொஹறா வாயைப் பொத்திச் சிரித்தாள். தயாபரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த நாள் காலை அவள் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது பாதை பூட்டியாயிற்று என்று சனம் கதைத்துக்கொண்டு வந்தது. வடக்கே சண்டை தொடங்கிவிட்டது. வன்னிக்கு எடுக்கிற ரெலிபோன் ஒன்றும் வேலை செய்யவில்லை.

ஜொஹறா அவளை வேறிடம் போக விடவில்லை. "நாங்களும் ஒரு காலம் மற்றாக்கள்ட வீட்டில இருந்தாக்கள்தான்" என்றாள். இரவில் தயாபரி ஜொஹறாவின் அறையில் பாயில் படுத்திருந்து கிளிநொச்சி வீட்டை நினைத்தாள். விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு வந்தேனா என்று ஒருநாள் பதறி எழுந்தாள். அவனுக்கு எதற்கு விளக்கு என்று பிறகு நினைவு வந்தது. கயிறு அறுந்து போயிருக்குமோ? வீரம்மா அக்கா இடம்பெயர்ந்து போயிருந்தால்? விமானம் வந்தால் பங்கருக்குள் யார் இறக்கிவிடுவார்கள்?

பகலில் கடையில் அந்தப் பழைய மெசினுக்கு முன்னால் போய் இருப்பாள். மவுஸைத் தொடாமல், விசைகளாலேயே எல்லாவற்றையும் செய்து பழகினாள். அவன் அப்படித்தான் செய்யவேண்டி வரும். சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டுச் செய்தாள். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறி, விரல் உறைந்து நின்றுவிடுவாள். அப்போதுதான் அவளுக்கு மேசையில் அறைந்த அந்தக் கை கொஞ்சம் விளங்கியது.

கிழமைகள் போயின. ஓமந்தையில் சிக்குப்பட்ட சனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடத் தொடங்கினார்கள். றுமைஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, இப்ப சாமான் கொண்டுபோறது கஷ்டமாம். சீடியை விட மாட்டாங்கள் எண்டு கதைக்கினம். இஞ்ச வைச்சிட்டுப் போனா என்ன?"

"வைச்சிட்டுப் போனா பிறகு எப்ப வாறது, தம்பி? கேட்டுப் பார்ப்பம். கண் தெரியாதவர் எண்டு சொன்னா விடுவினம்."

விடவில்லை. மேசையில் ஏற்கெனவே பற்றறிகளும் ரோச் லைற்றுகளும் குவிந்து கிடந்தன. அந்த இரண்டு சீடிகளையும் ஒருவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"படமா?"

"படமில்லை ஐயா. எங்கட அவருக்குக் கண் தெரியாது. இது அவருக்கு வாசிக்கிறதுக்கு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விளங்கியதோ விளங்கவில்லையோ தெரியாது. பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் தலையாட்டி மறுத்தார். "போங்க" என்றார் முதலாமவர், கடுமையில்லாமல். அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. சீடிகள் குவியலில் விழுந்தன. தயாபரி நடந்தாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பார்க்கவில்லை.

வீட்டுப் படலையைத் திறந்தபோது வீரபாகு முற்றத்துக் கதிரையில் இருந்தான். நன்றாக மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. காலடிச் சத்தத்தைக் கேட்டு எழுந்து நின்றான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வேறு ஆளாக இருந்துவிடுமோ என்று பயந்தவன்போல நின்றான்.

"நான்தான்" என்றாள்.

அவன் மறுபடி கதிரையில் இருந்துவிட்டான்.

"ஒவ்வொரு நாளும் படலைச் சத்தம் கேட்டா எந்திரிச்சுருவாரு" என்று வீரம்மா அக்கா பிறகு சொன்னாள். "சோறு குடுத்தா பாதிய வச்சிருவாரு. ஒங்களுக்காம்."

சீடியைப் பற்றி அவள் சொன்னாள். "நீர் வந்திட்டீர். அது காணும்" என்றான். அது போதாது என்று அவளுக்குத் தெரியும். அவன் சாப்பிட்டு, கை கழுவி, பாயில் சாய்ந்த பிறகுதான் கேட்டான்:

"அந்தக் குரல் ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"ஆம்பிளை."

"எப்பிடி வாசிச்சது?"

தயாபரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். மூக்கால், ஏற்ற இறக்கம் இல்லாமல், "மை கொம்பியூட்டர். மை டொக்கியுமென்ற்ஸ். றீசைக்கிள் பின்" என்றாள். பிறகு, "வியராபாஹூ" என்றாள்.

அவன் சிரிக்கத் தொடங்கினான். வயிறு குலுங்கச் சிரித்தான். "இன்னொருக்கா சொல்லும்" என்றான். அவள் சொன்னாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தயாபரியே அடித்தாள். நிறுவனத்துப் பொறுப்பாளர் வீட்டுக்கே வேலையை அனுப்பினார். வீரபாகு ஆங்கிலத்தில் வசனத்தைச் சொல்லி, தெரியாத சொற்களை எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவள் அடித்து, அடித்ததைத் திருப்பி வாசித்துக் காட்டுவாள். இடம்பெயர்ந்தோர், கூடாரம், குடிநீர்: அந்தச் சொற்கள்தான் அவளுக்கு முதலில் வந்தன. அவனுக்கு நிறுவனத்தில் கதிரை கிடைக்கவில்லைதான். ஆனாலும் மாலையில் கரண்ட் வரும்போது அவன் சேட்டை மாற்றிக்கொண்டு வந்து இருந்தான். அந்த இரண்டு வருடமும் ஷெல்லும் கிபிர் விமானமுமாகப் போனாலும், இருந்த காலத்தில் நல்ல காலம் அதுதான் என்று தயாபரி பின்னால் சொல்வாள்.

இரண்டாயிரத்து எட்டு செப்ரெம்பரில் நிறுவனங்களெல்லாம் வன்னியை விட்டு வெளியேறின. அடுத்து ஊரும் வெளிக்கிட்டது. கொம்பியூட்டரைச் சாக்கால் சுற்றி மேசையின் கீழே வைத்துவிட்டு, வீரம்மா அக்காவோடு ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. எங்கே போனாலும் வீரபாகுவின் காதுதான் முதலில் கேட்டது. "ஷெல் குத்துது, கிழக்கால வருது, படுங்கோ" என்பான். பக்கத்துத் தரப்பாள் கூடாரச் சனமும் அவன் சொல்கிறானா என்று பார்த்துப் படுத்தது. ஒரு தாய் தன் பிள்ளைகளை இவர்களுடைய தரப்பாளுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தாள்.

கடற்கரைக்கு வந்த பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. எது எங்கே என்று அவனாலும் பிரிக்க முடியவில்லை. கஞ்சி வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில் விழுந்த ஒன்றில் அவனுக்கு வயிற்றில் பட்டது. தயாபரி அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

"எனக்கு எங்க பட்டது? பாரும்" என்றான்.

அவள் பார்த்தாள்.

"பெரிசா ஒண்டுமில்லை" என்றாள்.

"வாசிக்காமல் சொல்லாதேயும்" என்றான் அவன். குரலில் கோபமில்லை. கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்துவிட்டது. மணலில் ஒரு ஆளைப் புதைக்க முடிகிற அளவுக்குத்தான் அவளாலும் வீரம்மாவாலும் கிண்ட முடிந்தது.

சண்டை முடிந்த பிறகு, செட்டிகுளம் முகாமுக்கு றுமைஸும் ஜொஹறாவும் தேடிக்கொண்டு வந்தபோது ஆடி வெயில். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நெருக்கியடித்த சனத்துக்குள் தயாபரி நின்றாள். ஜொஹறா அவளை அடையாளம் காணவில்லை, றுமைஸ்தான் கண்டான்.

"அக்கா, அவர்?"

தயாபரி தலையை ஆட்டினாள். றுமைஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் அந்த மனிசனை ஒருநாளும் கண்டதில்லை.

"கூட யாரும் இருந்தாக்களா?"

"நான் இருந்தனான்."

பின்னால் தள்ளினார்கள். ஜொஹறா அழுதுகொண்டே சோற்றுப் பார்சலைக் கம்பிக்கு மேலால் நீட்டினாள். அது சூடாக இருந்தது. காவலில் நின்றவர் நேரம் முடிந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

கூடாரத்தில் வீரம்மா அக்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். தயாபரி அவளைத் தூக்கிச் சாய்த்து வைத்துப் பார்சலைப் பிரித்தாள். இறைச்சிக் கறியும் கத்தரிக்காயும். கை கழுவுவதற்குத் தண்ணீர் இருக்கவில்லை. தண்ணீர் பவுசர் பின்னேரம்தான் வரும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முதல் கவளத்தை வீரம்மாவுக்கு ஊட்டினாள்.